ஒரே டோஸ் போதும் என்ற நாடு

தடுப்பூசி பற்றிக் கேட்கும் பெற்றோரிடம் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது அர்ஜென்டினாவின் கதையைத்தான்.

ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். கீழாநெல்லிக்குப் பேர் வாங்கித் தந்ததில் இந்தக் குணத்துக்கும் பங்குண்டு. அபூர்வமாகத்தான் நிலைமை கைமீறும். குழந்தை பகலெல்லாம் தூங்கும், இரவில் விழித்துக் கிடக்கும், அம்மா கூப்பிட்டாலும் யாரோ என்பதுபோல் வெறிக்கும். கல்லீரல் கைவிட்டதற்கு அது அடையாளம். குழந்தை மருத்துவனாக நான் மிகவும் அஞ்சும் பார்வை அது. 2005க்கு முன் அர்ஜென்டினாவில் இப்படித் திடீரெனக் கல்லீரல் செயலிழந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த வைரஸ்தான் காரணம். பலருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டியிருந்தது.

தடுப்பூசி இல்லாமல் இல்லை. 1973இல் ஆய்வாளர் ஃபைன்ஸ்டோனின் குழுவினர் வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். தாய்லாந்தின் காம்பேங் பெட்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகளிடம் தடுப்பூசி சோதிக்கப்பட்டு, பலன் தருவதும் உறுதியானது. 1999இல் இஸ்ரேல் எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு டோஸ் போடத் தொடங்கியது. அர்ஜென்டினாவோ 2001இல் பொருளாதாரம் நொறுங்கிய நாடு. 2003, 2004இல் காமாலை பெருகியபோது, 2005 ஜூனில் துணிந்து ஒரு முடிவெடுத்தது: 12 மாதக் குழந்தைக்கு ஒரே டோஸ்.

கண்மூடித்தனமான துணிச்சல் அல்ல அது. இந்த வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளிப்பட ஏறக்குறைய நான்கு வாரமாகும். முதல் டோஸின் நினைவு உடலில் இருந்தால், எதிர்ப்புச் சக்தி விழித்தெழ அந்த அவகாசம் போதும். இன்னொன்றும் உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண்ணில் மஞ்சளே தெரியாது. ஆனால் மலத்தில் வைரஸ் வெளியேறும். துணி மாற்றும் கைகள் வழியே அது வீடெல்லாம் பரவும். மழலைகளைக் காத்தால் பெரியவர்களுக்கும் காவல்.

அப்படியே நடந்தது. எல்லா வயதினரிடமும் நோய் சரிந்தது. 2007 மார்ச்சுக்குப் பிறகான ஆண்டுகளில், ஹெபடைடிஸ் ஏ காரணமாகக் குழந்தைகளுக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தும் தேவையே எழவில்லை. 2012இல் உலக சுகாதார நிறுவனமும் ஒற்றை டோஸை ஏற்கத்தக்க வழியாகக் குறித்தது.

நம் நாட்டில் இந்த ஊசி, பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். தண்ணீர் மேம்பட மேம்பட, சிறு வயதில் வராத நோய் வளர்ந்த பிறகு கடுமையாக வருகிறது. நம் அரசின் அட்டவணையிலும் அந்த ஒற்றை டோஸ் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.