செத்த காலேஜில் ஓர் உயிருள்ள கேள்வி

மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார் பூசலார் என்று பெரியபுராணம் பேசும். அந்தப் பூசலாரின் ஊர் திருநின்றவூர். நாம் பாடம் நடத்தும் ஊரும் அதுவே. ஒரு கல்லும் வாங்காமல், ஒரு தச்சனுக்கும் கூலி கொடுக்காமல், நினைவாலேயே கட்டி, நினைவாலேயே குடமுழுக்குக்கு நாளும் குறித்தாராம் அவர். அதே நாளில் காஞ்சியிலே நடக்கவிருந்த காடவர்கோனின் கற்கோயில் விழா தள்ளிப்போயிற்றாம்! இக்கதையை நம் மாணவர்கள் தலைகீழாக ஒப்புவிப்பர். மனக்கோயில் கட்டியவர் பெயர் தெரியும். கற்கோயில் கட்டுவித்த மன்னனையும் தெரியும். வெயிலிலே நின்று அந்தக் கல்லைக் கொத்தினானே, அவன் பெயர்? கதையிலே அவனுக்கு இடமில்லை.

இந்தக் கேள்வி நமக்குத் தானாகத் தோன்றியதன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மின்சார இரயிலில் அழைத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகம் சென்ற நாளில், அவர்களுள் ஒருவன் நமக்குக் கற்றுத்தந்த கேள்வி.

சென்னை மக்கள் அந்த இடத்துக்கு இட்ட பெயர் 'செத்த காலேஜ்'. விலங்குக் காட்சிச்சாலையோ 'உயிர் காலேஜ்'. கேலிப் பெயர் என்று தள்ளிவிட வேண்டா. வரலாறு அதிலே ஒளிந்திருக்கிறது. 1851-இல் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் பொறுப்பில் அருங்காட்சியகம் தொடங்கியபோது, அது குடியிருந்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்திலே. 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது அதனால்தான் போலும். 1854-இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டே உயிருள்ள விலங்குகளையும் கொண்டுவந்து வைத்தார் பால்ஃபர்! செத்ததும் உயிருள்ளதும் சில ஆண்டுகள் ஒரே வேலிக்குள் இருந்தன. காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் வந்து குவியும் குடும்பங்களைக் கண்டவர்கள், மக்கள் இந்தக் காலேஜை எத்துணை உரிமையோடு தமதாக்கிக் கொண்டனர் என்பதை அறிவர்.

முதலில் கற்கருவிகளைக் காட்டினோம். பிள்ளைகள் ஏமாந்தனர். "வெறும் கல்தானே, ஐயா!" வெறும் கல்தான். 1863 மே 30-இல் பல்லாவரத்துச் சரளைக் குழியிலே இராபர்ட் புரூஸ் ஃபூட் குனிந்து எடுத்ததும் அத்தகைய கல்தான். ஆனால் இரு புறமும் செதுக்கிக் கூராக்கப்பட்ட கல், கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்கு உணர்த்திய கல்! அதே ஆண்டில், நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கொற்றலை ஆற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கிடைத்தன. ஃபூட் திரட்டிய தொகுப்பு 1904-இல் இவ்வருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்று சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 2011-இல் வெளியிட்டனர். யுகக் கணக்குச் சொல்லும் புராணிகரும் இலட்சங்களை அள்ளி வீசுவார்தாம். எப்படிக் கணக்கிட்டீர் என்று கேட்டால் அவர் சினப்பார்; மண்ணடுக்கையும் கல்லையும் அளந்த இவர்களோ, அளந்த முறையை அச்சிட்டுக் கொடுத்து, பிழை இருந்தால் காட்டுக என்கின்றனர்.

பின்னர் செப்புப் படிமங்களின் கூடம். அங்கே திருவாலங்காட்டு நடராசர். நம் ஊர் இருக்கும் அதே இருப்புப் பாதையிலே, திருவள்ளூரைத் தாண்டினால் வருகிற திருவாலங்காடு! ஏறத்தாழ நாலடி உயரம். சுற்றித் தீவட்டம் இல்லை; பறக்கும் சடையும் இல்லை. ஒன்றுமில்லாமலேயே உடல் சுழல்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னை நடராசரின் ஒளிப்படங்களைக் கண்டே வியந்து எழுதினார். அவர் மறைந்தபின், 1921-இல் அது அச்சாயிற்று. படத்தைக் கண்டவரே வியந்தார் எனில், நேரே முழ தூரத்தில் நின்ற நம் பிள்ளைகளைக் கேட்பானேன்?

இந்த முழ தூரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இவ்வுருவம் கோயிலில் இருந்த நாளில், இவர்களுள் எத்தனை பேரின் பாட்டன்மார் இதன் அருகே நின்றிருக்க முடியும்? அது உலா வந்த தெருவிலேனும் நடந்திருக்க முடியுமா? சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறியது 1947-இல்.

வார்க்கும் முறையைச் சொன்னோம். மெழுகும் குங்கிலியமும் குழைத்து உருவம் செய்வர். மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சுடுவர். மெழுகு உருகி வழிந்தோட, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் பாயும். ஆறியபின் அச்சை உடைத்தாக வேண்டும். ஆதலால் ஓர் அச்சுக்கு ஒரே உருவம்.

"அச்சை உடைத்தவர் பெயர் என்ன, ஐயா?" என்றான் ஒருவன்.

பலகையைப் பார்த்தோம், அது சொல்லவில்லை. பலகை எழுதியவரைக் குறை கூறவியலாது. வார்த்தவன் பெயர் நமக்கு எட்டவில்லை. தஞ்சையிலே வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் கல்வெட்டில் தப்பிப் பிழைத்தது. அத்தகைய நற்பேறு எத்தனை பேருக்கு வாய்த்தது?

உழைத்தவன் பெயரைக் கேட்க மறந்த உலகம், அவன் மூக்கை அளக்க மட்டும் மறக்கவில்லை! 1885 முதல் 1908 வரை இந்த அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், இங்கேயே அளவைக் கருவிகளோடு அமர்ந்து பல சாதியினரின் தலையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஓர் எண். அந்த எண்ணிலே மனிதனின் இனமும் தரமும் தெரியும் என்று அக்கால அறிஞர் சிலர் நம்பினர். 1909-இல் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி வெளியிட்டார். அரிய செய்திகள் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் பிறப்பிலே உயர்வு தாழ்வு என்று மனு சொன்னதற்கு, விஞ்ஞானத்தின் பெயரால் சான்று தேடிய காலம் அது. இன உயர்வுக் கொள்கைக்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என யுனெஸ்கோவின் அறிஞர் குழு 1950-இல் அறிவித்தது.

இதைக் கேட்ட பிள்ளைகள் தத்தம் மூக்கைத் தடவிப் பார்த்துச் சிரித்தனர். கேள்வி கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தந்தை கடைத்தெருவில் செருப்புத் தைப்பவர். தந்தையின் தொழில் என்னவென்று வகுப்பில் கேட்டால் தலை குனிந்துகொள்வான்.

தர்ஸ்டன் அமர்ந்த நாற்காலியிலே பின்னர் அமர்ந்தவர் யார் என்பதையும் சொன்னோம். 1940 முதல் 1960 வரை அங்கே தலைவராயிருந்த அய்யப்பன், ஈழவ சமூகத்திலே பிறந்த மானிடவியல் அறிஞர். அளக்கப்பட்ட மக்களுள் ஒருவர், ஆராயும் இடத்துக்கு வந்தார்! தம் சமூகம் மாறிவரும் வரலாற்றை 1944-இல் அவரே நூலாக்கினார்.

ஹென்றி இர்வின் வரைந்து 1909-இல் திறக்கப்பட்ட செந்நிற மண்டபத்தை வெளியில் நின்றே பார்த்தோம்; பொழுது போதவில்லை. அமராவதிச் சிற்பங்களைப் பற்றியும் வண்டியில்தான் விரிவாகப் பேச முடிந்தது. ஆந்திர நாட்டுப் பௌத்தத் தூபி ஒன்றின் பளிங்கு போன்ற கற்கள் அவை. 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றுள் பெரும்பகுதி 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறிற்று. எஞ்சியவையும் பிறகு கிடைத்தவையும் எழும்பூரில் உள்ளன.

அந்தத் தூபியின் கல்வெட்டுகளிலே ஒன்று, சற்றேறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையது. நிறைகுடம் செதுக்கிய கற்பலகையை அளித்தவன் பெயரை அது கூறுகிறது: விதிகன். தொழில், தோல் வேலை. தந்தை பெயர் நாகன். அந்த நாகனோ ஓர் ஆசிரியர்! தாய், மனைவி, உடன்பிறந்தார், மகள்கள், மகன் நாகன் எல்லாரோடும் சேர்ந்து விதிகன் அந்தக் கொடையை அளித்தான்.

ஆசிரியர் மகன் தோல் வேலை செய்கிறான். அதைக் கல்லிலே பொறிக்க அவன் நாணவில்லை, பொறிப்பவனும் மறுக்கவில்லை. தொழிலும் சாதியும் பிறப்போடு பிறந்தவை, ஆதிநாள் தொட்டு மாறாதவை என்று கதைப்போர், இந்த ஒரு கல்லுக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

செருப்புத் தைப்பவரின் மகன் தன் ஏட்டைப் பிரித்தான். "விதிகன். குறில் 'வி'தானே, ஐயா?" என்று கேட்டு எழுதிக்கொண்டான். கீழே நாகன், அதன் கீழே இன்னொரு நாகன். பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பேரன் என்கிறோம் என்று நாம் சொல்ல, பக்கத்திலிருந்தவனும் எட்டிப் பார்த்தான்.

பட்டாபிராம் கடந்ததும் மீண்டும் கேட்டான்: "அந்தப் பேரன் நாகன் என்ன வேலைக்குப் போனான், ஐயா? பாட்டனைப் போல ஆசிரியராகவா, அப்பனைப் போலவா?"

கல்வெட்டில் அது இல்லை என்றோம். வண்டி நெமிலிச்சேரியில் நின்றது. அடுத்தது நம் ஊர். பிள்ளைகளை எண்ணத் தொடங்கினோம்.