சுழல் துப்பாக்கியும் கொதிநீரும்

சாமுவேல் கோல்ற் 1836 ஆம் ஆண்டில் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. வேண்டிய வேளையில் அது வெடிப்பதற்கு, சுட்ட நாளிலேயே அதனைக் கழுவித் துடைக்க வேண்டியிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்னைக் கேட்டால், அந்த ஆயுதத்தின் வரலாற்றில் பாதி இந்தக் கழுவுதலிலேயே அடங்கியிருக்கிறது என்பேன்.

காரணம் கறுப்பு வெடிமருந்து. ஏறத்தாழ 75 வீதம் வெடியுப்பு, 15 வீதம் கரி, 10 வீதம் கந்தகம் கொண்ட அந்தக் கலவை எரியும்போது பாதிக்குக் குறைவாகவே வாயுவாகிறது. எஞ்சியது புகையும் புழுதியுமாகப் படிகிறது. அப்புழுதி காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒற்றைக்குழல் துப்பாக்கியில் குழல் மட்டுமே அழுக்கடையும். சுழல் துப்பாக்கியிலோ ஒவ்வொரு வெடிக்கும் உருளை தன் அச்சிற் சுழல வேண்டும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியூடாகச் சீறும் கரி அந்த அச்சிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். தொடர்ந்து சுட்டால் உருளை இறுகிவிடும்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படையினரிடம் கோல்ற், றெமிங்டன் என்னும் இருவகைத் துப்பாக்கிகள் பெருமளவில் இருந்தன. கோல்றின் அச்சு தடித்தது. கொழுப்பைத் தேக்கிவைக்க அதிற் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. றெமிங்டனின் சட்டகம் உறுதியானது. ஆனால் அச்சு மெல்லியதாகையால் விரைவில் இறுகும். எனினும் அதன் உருளையைக் கழற்றுவது எளிது.

துப்புரவு முறை சிக்கலானதன்று. உருளையைக் கழற்றிச் சவர்க்காரமிட்ட கொதிநீரிற் கழுவுவர். உப்புப் படிவை நீர் கரைக்கும், எண்ணெய் கரைக்காது. கொதிநீரின் சூட்டிலேயே உலோகம் உலர்ந்துவிடும். பின்னர் மெல்லியதாக எண்ணெய் பூசுவர். அக்காலத்தில் அதற்குத் திமிங்கில எண்ணெய் பெயர்பெற்றது. குண்டுகளை இட்டபின் அறைகளின் வாயிற் கொழுப்பைத் தடவுவதும் உண்டு. அது கரியை இளக்கமாக வைத்திருப்பதோடு, அடுத்த அறைக்குத் தீ பாய்வதையும் தடுக்க உதவியது.

இட்ட மருந்து ஈரமுறுவது இன்னொரு ஆபத்து. 1865 யூலை 21 இல் மிசூரி மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்டில் டேவிஸ் டற் என்பவரை நேருக்கு நேர் சுட்டுக் கொன்ற வைல்ட் பில் ஹிக்கொக், முதல்நாள் இட்ட குண்டுகளைக் காலையிற் சுட்டுத் தீர்த்து, துடைத்து, புதிதாக இடுவார் என்று சொல்வார்கள். உயிர் அந்த ஒரு வெடியில் தங்கியிருந்தவனுக்கு அது வீண்செலவன்று.

1884 இல் பிரான்சின் போல் வியே புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். கரி குறைந்தது, கழுவும் தேவை நீங்கவில்லை. தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டிக் கலவையிற் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. அது விட்டுச்செல்லும் உப்பு, சுத்தமாகத் தோன்றிய குழலையும் அரித்தது. துருவேற்றாத கலவையை ஜெர்மனியர் சந்தைக்குக் கொண்டுவந்தனர். ஆயினும் இரண்டாம் உலகப் போரிலும் பிரித்தானியச் சிப்பாய்கள் துப்பாக்கிக் குழலிற் கொதிநீர் ஊற்றிக் கொண்டுதான் இருந்தனர்.

புதிய ஆயுதம் வந்ததும் போர் மாறிவிட்டது என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். அந்த ஆயுதம் மறுநாளும் வெடிப்பதற்கு, களைத்த உடலோடு அன்றிரவே தண்ணீர் கொதிக்கவைத்த சிப்பாய்க்கும் அதில் ஒரு வரி இருக்கவேண்டும்.