வலமா, இடமா? இசிஜி வாசிப்பு உருவான வரலாற்றில் ஒரு திருத்தம்

இதய மின்வரைபடத்தின் (இசிஜி) வரலாறு பெரும்பாலும் கருவியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐன்தோவன் இழைக் கால்வனோமீட்டரை உருவாக்கி, 1924இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் வரைந்த கோட்டை எப்படிப் படிப்பது என்பது தனிக்கதை. அது மெதுவாக நகர்ந்தது. நடுவில் சுமார் இருபது ஆண்டுகள் தலைகீழாகவும் கிடந்தது.

ஐன்தோவன் 1895இல் அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று வெறும் எழுத்துகளையே பெயராக வைத்தார். எந்த அலை இதயத்தின் எந்த வேலையைக் குறிக்கிறது என்ற தீர்ப்பு எதுவும் அவற்றில் இல்லை. நல்லதாயிற்று, பிறகு விளக்கங்கள் மாறியபோது பெயர்களைத் தொட வேண்டியிருக்கவில்லை. விளக்கம் வேறிடத்திலிருந்து வந்தது. நாடி தாறுமாறாக ஓடும் நோயாளிகளின் பதிவில் பி அலை இருக்காது, அடிக்கோடு ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். நாயின் மேலறைகளைச் செயற்கையாக நடுங்கவைத்து எடுத்த பதிவும் அப்படியே இருந்தது. 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ராத்பெர்கர், வின்டர்பெர்க் இருவரும் தனித்தனியே இந்த ஒற்றுமையைப் பிடித்தார்கள். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பது அன்றாட நோயறிதல் ஆனது இப்படித்தான்.

இந்த வெற்றி தந்த துணிச்சல் அடுத்த கட்டத்தில் காலை வாரிவிட்டது. மின்தூண்டல் மேலறையிலிருந்து இறங்கி, இடம், வலம் என்ற இரு கற்றைக் கிளைகள் வழியே கீழறைகளுக்குப் போகிறது. ஒரு கிளை பழுதானால் அந்தப் பக்கக் கீழறை தாமதமாகத் தூண்டப்படும், கியூஆர்எஸ் அகன்றுவிடும். (இது ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. ரிப்போர்ட்டில் ‘பிளாக்’ என்று கண்டதுமே ஆஞ்சியோவுக்கு நாள் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) எப்பிங்கரும் ராத்பெர்கரும் 1910 வாக்கில் நாய்களில் இக்கிளைகளை வெட்டிப் பதிவெடுத்தார்கள். வலக் கிளையை வெட்டியதும் வந்த வடிவத்தை ஒத்தது மனிதரிடம் தென்பட்டால், அதையும் வலக் கிளைத் தடை என்றே மருத்துவர்கள் எழுதலானார்கள். முதல் லீடில் (லீடு என்பது இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஒரு கோணம்) அகன்று மேலெழுந்து, மூன்றாம் லீடில் கீழிறங்கும் வடிவம் அது. நாயின் மார்புக்கூட்டில் இதயம் அமர்ந்திருக்கும் வாகு வேறு என்பது உரிய கவனம் பெறவில்லை. ஐன்தோவனோடு பணியாற்றிய ஜார்ஜ் ஃபார் 1920இல் கோட்பாட்டு வழியில் மறுத்துப் பார்த்தார். வெறும் தர்க்கம் எடுபடவில்லை.

1930இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் அரிய வாய்ப்பு அமைந்தது. இதய உறைக்கு அறுவை செய்யப்பட்டு, இதயத்தின் மேற்பரப்பு வெளியே தெரிந்த ஒரு நோயாளி. பார்க்கர், மக்லியோட், அலெக்சாண்டர் மூவரும் அந்த இதயத்தின் வெவ்வேறு புள்ளிகளை மின்சாரத்தால் தூண்டி, அதே நேரத்தில் பதிவும் எடுத்தார்கள். வலக் கீழறையைத் தூண்டினால் அதுதான் முதலில் இயங்கும், இடக் கீழறை பின்தங்கும். அப்போது கிடைத்ததோ, அதுவரை ‘வலக் கிளைத் தடை’ என்று எழுதிவந்த வடிவம்! தாமதம் இடப்பக்கத்தில் என்றால் தடையும் இடக் கிளையில்தானே இருக்க வேண்டும்? 1932இல் ஃபிராங்க் வில்சனும் அவர் குழுவினரும் மேலும் சான்று தர, பெயர்கள் இடம் மாறின. அதற்கு முந்தைய கட்டுரைகளைப் படிப்பவர் இன்றும் வலத்தை இடமாக மாற்றிக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

நாய் எப்போதும் ஏமாற்றியது என்று சொல்லிவிட முடியாது. 1918இல் ஃபிரெட் ஸ்மித் நாயின் இதயத் தமனியைக் கட்டியபோது கண்ட மாற்றங்களின் சாயலை 1920இல் ஹெரால்ட் பார்டி மாரடைப்பு நோயாளியிடம் கண்டார். எஸ்டி உயர்வு என்று இன்று எல்லா அவசரப் பிரிவுகளும் தேடுவதன் தொடக்கம் அது. வில்சனின் ஆய்வுவழி வந்த மார்பு லீடுகள் 1938இல் தரப்படுத்தப்பட்டன. 1942இல் கோல்ட்பெர்கரின் மூன்று லீடுகளும் சேர்ந்து, பழைய கைகால் லீடுகளோடு மொத்தம் பன்னிரண்டு ஆயின. மார்பு லீடுகளில் ஒன்றான வி1 கையில் இருக்கும்போது இடம், வலம் குழப்பத்துக்கு இடமே இல்லை.

பெயர் சரியானாலும் இடக் கிளைத் தடையின் தொல்லை ஓயவில்லை. அது எஸ்டி பகுதியையும் இழுத்துக்கொண்டு போவதால் மாரடைப்பை மறைத்துவிடும். அதனுள் மாரடைப்பை இனங்காண எலெனா ஸ்கார்பொஸ்ஸாவின் அளவுகோல்கள் வர 1996 ஆயிற்று.

2019இல் மேயோ கிளினிக் குழு சுமார் 45,000 பேரின் இசிஜியையும் எக்கோவையும் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) இணைத்துக் கணினிக்குப் பயிற்சி தந்து, கீழறையின் பலவீனத்தை இசிஜியை வைத்தே கணிக்க வைத்தது. இங்கே நாயும் இல்லை, திறந்த மார்பும் இல்லை. சரிபார்க்க எக்கோ இருந்தது. எக்கோ இயல்பாக இருந்தும் கணினி பலவீனம் என்று சொன்னவர்களுக்கு, அது குறை சொல்லாதவர்களைவிடப் பின்னாளில் அந்தப் பலவீனம் வரும் ஆபத்து நான்கு மடங்காக இருந்தது.