வாசகம்

பத்திரிகைக்காரர்களுக்கு வாசகர் என்றால் வீட்டில் உட்கார்ந்து வாய் திறவாமல் படிப்பவர். கத்தோலிக்கக் கோயிலில் வாசகர் எழுந்து போய், எல்லாருக்கும் கேட்கும்படி படிப்பவர். சொல்லின் பழைய பொருள் கோயிலில்தான் தங்கியிருக்கிறது. வாக்கு, வசனம் ஆகியவற்றுக்குள்ள வடமொழி வேரே வாசகத்துக்கும் வேர். வாயிலிருந்து வருவதே வாசகம். மாணிக்கவாசகர் பெயரிலும் திருவாசகத்திலும் சைவர் போற்றிய இச்சொல் திருப்பலியிலும் இயல்பாகப் பொருந்திவிட்டது.

சொல்லைப் போலவே வழக்கமும் பழையது. ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் எழுதிய புனித யுஸ்தின், ஞாயிறுதோறும் கூடிய கிறிஸ்தவர்கள் திருத்தூதர் எழுத்துகளையும் இறைவாக்கினர் நூல்களையும் நேரம் உள்ளவரை வாசிக்கக் கேட்டதைக் குறித்து வைத்திருக்கிறார். பின்னர் நூற்றாண்டுக்கணக்கில் அது இலத்தீனிலேயே ஒலித்தது. விவிலியக் கருவூலத்தை மக்களுக்குத் தாராளமாகத் திறக்கும்படி 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. 1969இல் புதிய வாசக வரிசை வெளிவந்தது. தமிழிலும் ‘நிருபம்’ திருமுகமானது, ‘சுவிசேஷம்’ நற்செய்தியானது.

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்று. எனக்கு நெருக்கமானவை வாரநாள் வாசகங்களே. திருவழிபாட்டு ஆண்டில் சிறப்புக் காலங்கள் சேராத பொதுக்காலத்தில் நற்செய்தி ஆண்டுதோறும் அதேதான். முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு வேறொன்று. முதல் வாரத் திங்களன்று மாற்கு நற்செய்தியில் மீனவர்கள் வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போகிறார்கள். இரட்டைப்படை ஆண்டில் அதற்கு முன்னால் வருவது சாமுவேல் முதல் நூலின் தொடக்கம். பிள்ளையில்லாத அன்னாவைச் சக்களத்தி பெனின்னா குத்திக்காட்டுகிறாள். அன்னா உண்ணாமல் அழுகிறாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலில்லையா என்று கணவன் எல்கானா கேட்கிறான். எட்டாம் வசனத்தோடு, பதில் வராமலே, வாசகம் முடிந்துவிடுகிறது.

விவிலியத்தை நாமாகப் புரட்டினால் அடுத்த வசனத்துக்குத் தாவிவிடுவோம். அன்றன்றைய வாசகம் அப்படித் தாவ விடாது. அந்தத் திங்கள் முழுக்க அவள் அழுகையோடு இருந்தாக வேண்டும். தியானம் என்று நான் எண்ணுவது இந்தக் காத்திருப்பைத்தான். செவ்வாயன்று அவள் சீலோவின் ஆலயத்தில் மன்றாடுகிறாள். உதடு அசைகிறது, குரல் வெளிவரவில்லை. குடிவெறி என்று குரு ஏலி நினைத்துவிடுகிறார். குரலே எழாத அந்த மன்றாட்டை வாசகர் தம் குரலில் நமக்குச் சொல்கிறார். அன்றைய பதிலுரைப் பாடலும் திருப்பாடல் நூலிலிருந்து வருவதன்று. மகனைப் பெற்றபின் அன்னா பாடிய பாட்டேதான். சபை மொத்தமும் அதைப் பாடுகிறது.