முதல் இழுப்புக்குக் காசு இல்லை: புகையிலை நம்ம ஊருக்குள் வந்த கதை

பரமார்த்த குரு கதையைச் சின்ன வயசுல கேட்காதவங்க ரொம்பக் குறைவு. குருவும் அஞ்சு சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வர்றாங்க. ஆறு முழிச்சிருக்கும்போது இறங்கினா ஆபத்து, அது தூங்குதான்னு முதல்ல பார்த்துட்டு வான்னு ஒரு சீடனை அனுப்புறார் குரு. அவன் கையில் இருந்த கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். சுர்ர்னு ஒரு சத்தம், கொஞ்சம் புகை. ஆறு சீறுதுன்னு பயந்து விழுந்தடிச்சு ஓடி வர்றான்.

எல்லாரும் இங்கே சிரிச்சுட்டுக் கடந்து போயிடுவோம். ஆனா ஒரு கேள்வி இருக்கு. அந்தச் சீடன் கையில் கொள்ளிக்கட்டை எப்படி வந்தது? சுருட்டுப் பற்ற வைக்க. கதையிலேயே அப்படித்தான் இருக்கு.

இந்தக் கதையை எழுதினவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார். அவர் வாழ்ந்து, கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சி இன்னைக்கு அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில் இருக்கு. கொள்ளிடத்துக்கு வடகரை. திருக்காவலூர்னு பேர் வச்சு அந்த ஊரைப் பற்றி ஒரு கலம்பகமே பாடியிருக்கார். பரமார்த்த குரு கதை 1740-களில் எழுதப்பட்டது. பெஞ்சமின் பாபிங்டன் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து 1822-ல் லண்டனில் அச்சிட்டார்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. சங்க இலக்கியத்தில் கிடையாது, கம்பனில் கிடையாது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அதுக்கப்புறம்தான் போர்ச்சுகீசியக் கப்பல்களோடு இந்தச் செடி நம்ம பக்கம் வர முடியும். சுமார் 250 வருஷத்துக்குள்ள, கதையில் வரும் ஒரு முட்டாள் சீடன் கையில் சுருட்டு இருக்கு. அதைப் பற்றி விளக்கம் சொல்லணும்னு எழுதினவருக்குத் தோணவே இல்லை. அவ்வளவு சாதாரணமாயிடுச்சு.

விளம்பரம் இல்லாத காலம் அது. பெட்டிக்கடை இல்லை, பாக்கெட் இல்லை. அப்படின்னா கடல் தாண்டி வந்த ஒரு இலை, யாருக்கும் முதல் தடவை பிடிக்கவே பிடிக்காத ஒரு இலை, எப்படி ஊர் ஊரா உள்ளே போச்சு? இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

கொடுத்துப் பரவிய இலை

முதல் தடவை புகை இழுத்தவங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும். இருமல், தலைசுற்றல், வாந்தி. நாக்கில் எரிச்சல். ஒரு மாம்பழம் மாதிரி, ஜிலேபி மாதிரி, வாயில் வச்ச உடனே பிடிச்சுப்போற பொருள் இல்லை இது. பழகணும். பழக ஒருத்தர் கூட இருக்கணும்.

பைப் பிடிக்கிறதுன்னா இன்னும் கஷ்டம். அடியில் தளர்வா, மேலே கொஞ்சம் இறுக்கமா நிரப்பணும். ரொம்ப அழுத்தினா காற்று வராது, ரொம்பத் தளர்த்தினா அணைஞ்சு போகும். வேகமா இழுத்தா நாக்கு வெந்துபோகும். இதையெல்லாம் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து சொல்லித் தந்தால்தான் வரும். அதனால்தான் பைப் பிடிக்கிறவங்க நடுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுசா ஒருத்தர் வந்தா, பழைய ஆள் தன்னிடம் இருக்கிற ஒரு பைப்பையும் கொஞ்சம் புகையிலையையும் சும்மா கொடுத்துவிடுவார். காசு வாங்க மாட்டார். 'பிடிச்சுப் பாரு, அப்புறம் பேசலாம்.'

இந்தத் தாராளம் நேற்று வந்ததில்லை. புகையிலையின் கதை ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1492 அக்டோபரில் கொலம்பஸ் கரை இறங்கியபோது, அந்தத் தீவுக்காரர்கள் அவருக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்த பொருள்களில் காய்ந்த இலைகளும் இருந்தன. அவர்கள் இதை ரொம்ப மதிக்கிறார்கள் போலன்னு அவர் குறிப்பில் வருது. 1560 வாக்கில் லிஸ்பனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் ஜான் நிக்கோ, மருந்துன்னு நம்பி, பாரிஸ் அரண்மனைக்குப் புகையிலை அனுப்பி வைத்தார். நிக்கோட்டின் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். அதாவது அந்த நஞ்சுக்கு நாம வச்சிருக்கிற பேரு, அதைப் பரிசாகக் கொடுத்த ஒரு மனுஷனோட பேரு.

அக்பருக்கு நீட்டிய குழாய்

இந்தியாவில் புகைபிடிக்கக் கற்றுக்கொண்ட ஒரு நாளை நேரில் பார்த்தவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் அசத் பேக். அக்பரின் அதிகாரி. 1604 வாக்கில் பீஜப்பூருக்குத் தூது போய்த் திரும்பும்போது அங்கே கிடைத்த புகையிலையைக் கொண்டுவருகிறார். ஆக்ராவில் அதுவரை அதைப் பார்த்தவர்கள் இல்லை.

வெறும் இலையாகக் கொண்டுவந்து நீட்டவில்லை மனுஷன். மூன்று முழ நீளத்தில் அழகான குழாய், இரண்டு முனையிலும் கல் பதிச்ச வேலைப்பாடு, வாயில் வைக்க ஏமன் நாட்டுச் சிவப்புக்கல், நெருப்பு வைக்கத் தங்கக் கிண்ணம். புகையிலையை எதில் போட்டார்னு கவனிங்க. பீஜப்பூர் சுல்தான் பரிசாகக் கொடுத்த ஒரு வெற்றிலைப் பையில்.

அக்பர் ஆர்வமாகிறார். அரண்மனை வைத்தியர் தடுக்கிறார். நம்ம வைத்திய நூல்களில் இது இல்லை, என்ன செய்யும்னு தெரியாதுங்கிறது அவர் வாதம். எந்தப் பழக்கமும் ஒரு காலத்தில் புதுசுதானேன்னு அசத் பேக் பதில் சொல்றார். அக்பர் இரண்டு மூன்று இழுப்பு இழுக்கிறார், அத்தோடு சரி. பழக்கமாக்கிக்கொள்ளவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததுதான் முக்கியம். அசத் பேக் நிறையப் புகையிலையும் குழாய்களும் கொண்டுவந்திருந்தார். பிரபுக்கள் சிலருக்கு அவரே அனுப்பி வைத்தார். மற்றவர்கள் ஆள் விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் வேணும். அதற்குப் பிறகுதான் வியாபாரிகள் விற்க ஆரம்பித்தார்கள் என்று அவரே எழுதுகிறார். வரிசையைப் பாருங்க: முதலில் கொடுத்தவர், அப்புறம் கேட்டவர், கடைசியாகத்தான் கடைக்காரர்.

1617-ல் அக்பரின் மகன் ஜஹாங்கீர் புகைபிடிப்பதைத் தடை செய்தார். பாரசீகத்தில் ஷா அப்பாஸும் தடை போட்டிருந்தார். ஆனால் ஜஹாங்கீர் அங்கே அனுப்பிய தூதர் கான் ஆலம், புகையிலை இல்லாமல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். விஷயம் ஷா காதுக்குப் போனது. நண்பரின் தூதர் ஆயிற்றே என்று அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டார். இதை ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு பேரரசர்களின் தடை, நட்புன்னு வந்ததும் விட்டுக்கொடுத்துடுச்சு.

குழாய் இல்லாத புகை

சரி, தங்கக் கிண்ணம் வைத்த குழாய் நம்ம ஊர் உழவருக்கு எங்கே கிடைக்கும்? அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. 1669-லிருந்து 1679 வரை வங்கக் கடலோரமாக வணிகம் செய்த தாமஸ் பவ்ரி என்ற ஆங்கிலேயர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இங்கே ஏழைகள் இலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறு முனையை உதட்டில் பிடித்துப் புகைக்கிறார்கள். போர்ச்சுகீசியர் இதை 'செரூட்டா' என்கிறார்கள் என்று.

சுருட்டினது சுருட்டு. பாயைச் சுருட்டு என்கிறோமே, அதே சொல். ஆங்கிலத்தில் இன்றும் 'செரூட்' என்று அகராதியில் இருப்பது இந்தத் தமிழ்ச் சொல்தான். கப்பலில் வந்தது இலை. திரும்பிப் போனது பேரு.

பின்னாடி இதுவே பெரிய வியாபாரமாச்சு. திருச்சி உறையூர்ச் சுருட்டு கடல் கடந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு ஆலை நடத்தியது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த இடத்தில் விழுந்து கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் பிடித்தது 'திரிச்சினாப்பள்ளி' சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். அன்றைய திருச்சி மாவட்டத்துக்குள்தான் இன்றைய அரியலூரும் பெரம்பலூரும் இருந்தன.

ஆனால் கிராமத்துக்குள் இந்த இலை நுழைந்த வாசல் வேற. அது வெற்றிலைச் செல்லம். அசத் பேக் வெற்றிலைப் பையில் போட்டுக் கொண்டுவந்ததை நினைச்சுக்கோங்க. நம்ம ஊரில் வீட்டுக்கு வந்தவருக்குத் தாம்பூலத் தட்டை நீட்டுவது புகையிலைக்குப் பல நூறு வருஷம் மூத்த பழக்கம். கொடுக்கல் வாங்கலுக்கான எல்லா மரியாதையும் அங்கே ஏற்கெனவே தயாரா இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்று இருந்த தட்டில் நாலாவதாகப் புகையிலை வந்து உட்கார்ந்துகொண்டது. வரப்பில் உட்கார்ந்து 'கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?' என்று கேட்டுப் பேச்சை ஆரம்பித்தவர், 'ஒரு துண்டுப் பொகையில இருந்தா குடுங்க' என்றும் கேட்க ஆரம்பித்தார். சுருட்டுப் பிடிப்பவர் நெருப்புக் கேட்டார். தீப்பெட்டி வராத காலத்தில் நெருப்பும் கேட்டு வாங்க வேண்டிய பொருள்தானே.

தமிழ் இந்த விருந்தாளியை எவ்வளவு சீக்கிரம் சொந்தமாக்கிக்கொண்டதுன்னா, சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலே பாடிவிட்டார். பழனி முருகனிடம் தூது போவது புகையிலை. உ. வே. சாமிநாதையர் இதைப் பதிப்பித்தார். இதில் வரும் கதைப்படி மூன்று தெய்வங்களும் ஆளுக்கு ஓர் இலையைப் பாதுகாக்க வேண்டும். சிவனின் வில்வமும் திருமாலின் துளசியும் தண்ணீரோடு போய்விடுகின்றன. பிரமனின் இலை மட்டும் போகவில்லை. போகாத இலை, 'போகையிலை', அதுவே புகையிலை! அமெரிக்காவிலிருந்து வந்த செடிக்கு நம்ம ஆட்கள் பிரமலோகத்திலேயே பட்டா வாங்கிக் கொடுத்துட்டாங்க.

உள்ளே யார், வெளியே யார்

இந்தத் தாராளத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. வட இந்தியக் கிராமங்களில் ஒருவரை ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதற்கு 'ஹுக்கா பானி பந்த்' என்று பேர். அவரோடு ஹுக்காவும் கிடையாது, தண்ணியும் கிடையாது. ஒரே குழாயில் வாய் வைக்கலாம் என்றால் நீ நம்ம ஆள். கூடாது என்றால் வெளி ஆள். கொடுப்பது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் சாதியும் அந்தஸ்தும் கூடவே உட்கார்ந்திருந்தன.

புதுசா வர்ற ஒருத்தருக்கு உண்மையில் கிடைப்பது புகை இல்லை, இடம். 'வா, உட்காரு, நீயும் எங்க கூட்டம்' என்ற அழைப்பு. அதற்காகத்தான் இருமிக்கொண்டே இரண்டாவது இழுப்பை இழுக்கிறோம்.

இதைப் பின்னாடி வந்த கம்பெனிகள் நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. முதல் உலகப் போரில் பல நாட்டுச் சிப்பாய்களுக்கு ரேஷனோடு சேர்த்துப் புகையிலையும் கிடைத்தது. பதுங்குகுழியில் பக்கத்து ஆளுக்கு ஒரு சிகரெட் நீட்டுவது தோழமையின் அடையாளமாச்சு. போர் முடிந்து வீடு திரும்பினவர்களோடு பழக்கமும் திரும்பியது. நண்பர்கள் சும்மா கொடுத்த வேலையை அப்புறம் கடை பார்த்துக்கொண்டது. அசத் பேக் சொன்ன அதே வரிசை.

டீக்கடை ஓரத்தில்

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 13.5 லட்சம் பேர் இதனால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை. புகையிலை விளம்பரத்தைத் தடுக்க 2003-ல் சட்டம் வந்தது. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் கறாரான தடை. 2019-ல் இ-சிகரெட்டுக்குத் தடை. 2022-ல் ஹுக்கா பார்களைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் கடையைப் பார்த்து எழுதப்பட்டவை. விளம்பரத்தை நிறுத்தலாம், பாக்கெட்டில் படம் போடலாம், பாரை மூடலாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்த நாலு பேரைக் கேட்டுப் பாருங்க, முதல் சிகரெட் எங்கே கிடைத்ததுன்னு. கடையில் வாங்கினேன்னு சொல்றவர் குறைவாகத்தான் இருப்பார். 'ஃப்ரெண்டு குடுத்தான்', 'சீனியர் அண்ணன் குடுத்தார்', 'மீட்டிங் முடிஞ்சு கீழே டீக்கு இறங்கினப்போ டீம்ல ஒருத்தர் நீட்டினார்' என்பார்கள். அந்த டீ இடைவேளையில் நிற்காதவருக்கு ஆபீஸ் செய்தி பாதி தெரியாமல் போகும் என்பதும் உண்மைதானே?

அதனால் கொடுத்தவரைக் கெட்டவர்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்லை. அவர் தன்னிடம் இருந்ததைப் பகிர்ந்துகொண்டார். தாம்பூலத் தட்டை நீட்டிய கையும் அந்தக் கையும் ஒண்ணுதான். ஒரு புதுசா வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பொறுமையாகச் சொல்லித் தந்து, காசு வாங்காமல் அனுப்பி வைக்கிற குணம் அபூர்வமானது. அது நம்மிடம் இந்த இலைக்கு முன்னாடியே இருந்தது. இலை அதன் மேல் ஏறிச் சவாரி செஞ்சது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை டீக்கடையில் புதுசா ஒரு தம்பியோ தங்கச்சியோ தயங்கி நின்னா, இடம் கொடுங்க, பேச்சில் சேர்த்துக்கோங்க, டீக்குக் காசும் நீங்களே கொடுங்க. கையில் இருக்கிற இன்னொண்ணை மட்டும் நீட்டாதீங்க. அந்தப் பிள்ளை வந்தது உங்க பக்கத்தில் நிற்கத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.