அனுமதிச் சீட்டும் ஹஜ் பயணமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஹஜ்ஜைக் கடமையாக்கும் இறைவசனம் (ஆலு இம்ரான், 97) அக்கடமையை எல்லார் மீதும் ஒரு தன்மையாகச் சுமத்தவில்லை; அங்குச் சென்று சேர வழி பெற்றவர் மீதே சுமத்துகிறது. அந்த 'வழி' யாது என்னும் வினாவுக்கு, வழிச்செலவுக்கான பொருள், ஊர்தி, உடல்நலம், பாதையின் பாதுகாப்பு என ஃபிக்ஹ் அறிஞர்கள் விடை வகுத்தனர். அவர்தம் பழைய நூல்களில் பாஸ்போர்ட்டும் விசாவும் இடம்பெற்றதில்லை. இன்றோ அவையின்றிப் பெரும்பாலான வெளிநாட்டவர் முறைப்படி ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாது. இக்காகிதங்கள் எவ்வாறு வழியின் ஒரு பகுதியாயின? அவற்றைப் பொருட்படுத்தாமல் செல்வது இறைப்பற்றின் மிகுதியா, கடமையைப் பிழைபட உணர்ந்ததன் விளைவா? 2024 ஆம் ஆண்டு ஹஜ்ஜில் நேர்ந்த துயரம் இவ்வினாவை நம்முன் நிறுத்தியுள்ளமையால், இதன் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காண்போம்.

அம்பத்தூர் வழிச் சென்ற பாதை

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் நாள்தோறும் மின்தொடர் வண்டியில் சென்னைக்கு வந்து செல்வோர், தாம் பயணம் செய்யும் இருப்புப்பாதை ஒரு காலத்தில் ஹாஜிகளின் பாதையாகவும் இருந்ததை எண்ணிப் பார்ப்பது அரிது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட பாதை இவ்வூர்களின் ஊடாகவே சென்றது. 1871 இல் அது இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அதன்பின், சென்னையில் வண்டியேறிப் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறுவது எளிதாயிற்று. இதற்கிடையே நீராவிக் கப்பல்கள் பெருகின. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. முன்னர்ச் செல்வர்க்கும் வணிகர்க்கும் மட்டுமே கைகூடிய பயணத்துக்கு எளியோரும் துணிந்தனர். கட்டுப்பாடுகளின் கதை தொடங்குவதும் இங்கேதான்.

நோய் எழுதிய விதிகள்

1865 இல் ஹிஜாஸில் காலரா பரவிப் பல்லாயிரம் ஹாஜிகளைப் பலிகொண்டது. திரும்பிச் சென்றோர் வழியாக எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் அது பரவியது. அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1882 இல் உதுமானிய அரசு செங்கடலின் தென்பகுதியிலுள்ள கமரான் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. தென்திசையிலிருந்து வரும் கப்பல்களின் ஹாஜிகள் அங்கு இறக்கப்பட்டுப் பல நாட்கள் தங்கவைக்கப்பட்டனர். அதற்கான கட்டணமும் அவர்களிடமே பெறப்பட்டது. 1896 இல் பம்பாயில் பிளேக் தோன்றவே, 1897 இல் அத்துறைமுகத்திலிருந்து ஹஜ் புறப்பாடே நிறுத்தப்பட்டது.

இவ்விதிகளில் ஐரோப்பிய வல்லரசுகளின் அச்சமும், ஏழை முஸ்லிம் பயணியைப் பற்றிய இழிநோக்கும் கலந்திருந்தன என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் நோய்த்தடுப்பு என்னும் கருத்து நமக்கு அயலானதன்று. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையவும் அவ்வூரிலிருந்து தப்பி வெளியேறவும் வேண்டா என நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. சிரியாவை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி), அங்கு நோய் பரவியிருப்பதை அறிந்து 'சர்ஃக்' என்னுமிடத்திலிருந்து திரும்பிய வரலாறும் நாம் அறிந்ததே. இன்றும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதார்க்கு ஹஜ் விசா இல்லை. 1987 இல் ஹஜ்ஜின்போது பரவிய அந்நோயே இவ்விதிக்குக் காரணமாயிற்று. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் அதன் வேறொரு வகை தோன்றியதால், 2002 முதல் நால்வகைக் கிருமிகளுக்கும் எதிரான தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது.

வறுமை எழுதிய விதிகள்

இரண்டாவது காரணம் வறுமை. போவதற்கு மட்டும் பணம் சேர்த்துச் சென்று, திரும்ப வழியின்றி ஜித்தாவின் தெருக்களில் தவித்த இந்திய ஹாஜிகள் பலர். ஆங்கிலேய அரசு 1882 இல் பம்பாயில் ஹாஜிகளின் பாதுகாவலர் என்னும் பதவியை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் அப்துர் ரஸ்ஸாக் என்னும் இந்திய மருத்துவரை ஜித்தாவில் துணைத் தூதராக அமர்த்தியது. ஹாஜிகளின் நலனுக்கு உழைத்த அவர் 1895 இல் ஜித்தாவுக்கு அருகே கொலையுண்டார். 1886 இல் பயண ஏற்பாடு தாமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1893 இல் அவ்வேற்பாடு முடிவுற்றது.

ஹாஜிகளுக்கெனத் தனிப் பாஸ்போர்ட் அக்காலத்திலேயே வழங்கப்பட்டது. ஆயினும் சமய விவகாரத்தில் தலையிடுவதாகக் குற்றச்சாட்டு எழும் என்று அஞ்சிய அரசு, வறியோரைத் தடுத்து நிறுத்த நெடுங்காலம் தயங்கியது. 1925 இல்தான், திரும்புவதற்கான கப்பல் சீட்டோ அதற்கீடான முன்பணமோ இன்றிக் கப்பலேறலாகாது என்று சட்டம் வந்தது. வழிச்செலவு என்பது போக்குக்கு மட்டுமன்று, வரவுக்கும் சேர்த்தே என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் முன்னரே கூறியிருந்ததை நாம் இங்கு நினைவுகூரலாம்.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்ற இந்தியாவில் 1959 இல் ஹஜ் கமிட்டிச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் ஹாஜிகள் செலவிடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. கப்பல் பயணம் 1995 உடன் நின்றது. ஹாஜிகளுக்கென வழங்கப்பட்டு வந்த தனிப் பயணச்சீட்டு, சவூதி அரசின் நிபந்தனையால் 2009 இல் முடிவுக்கு வந்து, எல்லார்க்கும் உரிய பாஸ்போர்ட்டே கட்டாயமாயிற்று. கொரோனாவுக்குப் பின் 2022 இல் தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானமேற நேர்ந்தது. 2023 இல் சென்னை மீண்டும் புறப்பாட்டிடம் ஆயிற்று.

இன்றைய தடை நோயோ வறுமையோ மட்டுமன்று, இடமும்தான். பத்து இலட்சம் முஸ்லிம்களுக்கு ஆயிரம் பேர் என்னும் அளவு 1980களின் பிற்பகுதியில் ஏற்கப்பட்டது. 2025 இல் இந்தியாவுக்குக் கிடைத்த இடங்கள் 1,75,025. எனவேதான் குலுக்கலும் காத்திருப்பும்.

2024 தந்த பாடம்

2019 முதல் சவூதி அரசு சுற்றுலா விசா வழங்கி வருகிறது. அதைக்கொண்டு உம்ரா செய்யலாம், ஹஜ் செய்யலாகாது. இவ்வேறுபாட்டை மறைத்து, வருகை விசாவிலேயே ஹஜ் செய்விப்பதாகக் கூறிப் பல நாடுகளில் முகவர்கள் ஆள் திரட்டினர். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. இறந்தோர் 1,301 பேர் என்றும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தோர் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இன்மையால் அவர்களுக்குக் கூடாரமும் பேருந்தும் இல்லை. நெடுந்தொலைவு வெயிலில் நடந்தே சென்றனர். அவ்வாண்டு ஏப்ரலில்தான் சவூதி மூத்த அறிஞர் பேரவை, அனுமதியின்றி ஹஜ் செய்தல் கூடாது என்றும், அனுமதி பெற இயலாதவர் வசதியற்றவரின் நிலையிலேயே உள்ளார் என்றும் தீர்ப்பளித்திருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு இதுதான். அனுமதிச் சீட்டின் விதிகளுள் பல, இழந்த உயிர்களுக்குப் பின்னர் எழுதப்பட்டவை. அவற்றுள் நீதியற்றவையும் இருந்தன. அவற்றை எதிர்த்து வாதாடுதல் சமுதாயத்தின் உரிமை. ஆனால் மறைந்து நுழைவது அவ்வாதமாகாது. அதன் விலையை உயிராகக் கொடுப்போர் பெரும்பாலும் எளியோரே. பூந்தமல்லியிலோ ஆவடியிலோ ஒரு முதியவர் தம் வாழ்நாள் சேமிப்பை முகவரிடம் கொடுக்கும்முன், அவ்விசா எவ்வகையைச் சார்ந்தது என்று படித்துச் சொல்ல ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அப்பணி நம் ஜமாஅத்துகளையும் கற்ற இளைஞர்களையும் சார்ந்தது. குலுக்கலில் பெயர் வாராத ஆண்டில் அவர்க்கு வழி இன்னும் திறக்கவில்லை. திறவாத வழிக்கு அவரிடம் கேள்வியும் இல்லை. அந்த ஆறுதலை அவர்க்கு எடுத்துரைப்பதும் ஹஜ்ஜுக்குச் செய்யும் ஒரு தொண்டே ஆகும்.