தேர்வா? தீர்ப்பா?

செலவைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி எண்ணும்போது, அவர் கண்ணில் முதலில் படுவது எது? பங்குதாரரின் இலாபமா? பெரிய அதிகாரியின் படிச்செலவா? அன்று, தோழர்களே! பட்டறையில் கரி படிந்த கையோடு நிற்கும் தொழிலாளியின் கூலி! இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. வரலாற்றின் ஓர் ஏட்டைப் புரட்டுவோம்.

1920களின் பிற்பகுதியில், தென்னிந்திய இரயில்வே கம்பெனி தன் நாகப்பட்டினம் பட்டறையைத் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றியது. செலவைக் குறைக்க 3,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை வெளியேற்றவும் திட்டமிட்டது. யாரை வெளியேற்றுவது? அதற்கு ஒரு தொழில் திறன் தேர்வு! ஆண்டுக்கணக்கில் எஞ்சினைப் பழுதுபார்த்த கைகள், தமக்கு வேலை தெரியும் என்று மெய்ப்பிக்க வேண்டுமாம்! ஆளைக் குறைப்பது கம்பெனியின் கணக்கு. பழியோ தொழிலாளியின் தலையில்! வேலையை இழந்தவன், 'திறமையற்றவன்' என்ற பட்டத்தையும் சுமந்து வீடு திரும்ப வேண்டும். அது தேர்வன்று, முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு.

1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்ற சிங்காரவேலருக்கு அப்போது வயது 68. கைதுகள் தொடர்ந்தன, அம்மாத இறுதியிலேயே போராட்டம் ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலருக்குக் கிடைத்தது 10 ஆண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டுக்குப் பின் 1930இல் விடுதலையானார்.

போராட்டம் தோற்றது, ஆனால் 'யாரை நீக்குவது, எந்த முறையில்?' என்ற கேள்வி தோற்கவில்லை. 25 ஆண்டுகளுக்குப் பின், 1953இல், தொழில் தகராறுச் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு விதிகள் சேர்க்கப்பட்டன. ஓராண்டு பணியாற்றியவரை நீக்க ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் செல்ல வேண்டும், முறை மாறினால் காரணம் எழுதப்பட வேண்டும்.

2020இல் வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் இவற்றை நீக்கவில்லை. ஆனால், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் எல்லையை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்திவிட்டது!

எந்திரம் மாறும், ஆள் தேவையும் மாறும். அதை நாம் மறுக்கவில்லை. மாற்றத்தின் சுமை முழுவதையும் ஒருவன் முதுகில் ஏற்றி, அவனையே குற்றவாளியாக்கும் சூதைத்தான் மறுக்கிறோம். பொன்மலையில் அதன் பெயர் தேர்வு. இன்றைய கணினி நிறுவனங்களில் 'செயல்திறன் மதிப்பீடு'. இளைஞர்களே, பெயரைக் கண்டு மயங்காதீர். முறை எது, ஈடு எது என்று கேளுங்கள்!